களைப்புக்கு விலை பேசுதல்: இந்திய விமானிகளின் சங்கங்களும் நிறுவனங்களும்

2025 டிசம்பர் 3 முதல் 5 வரை மூன்றே நாளில் இண்டிகோ நிறுவனம் 2,507 விமானங்களை ரத்து செய்தது. இன்னும் 1,852 விமானங்கள் தாமதமாகப் புறப்பட்டன. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் விமான நிலையங்களில் சிக்கித் தவித்தார்கள். அந்த நாட்களில் டீக்கடையிலும் தொலைக்காட்சியிலும் திரும்பத் திரும்பக் கேட்ட விளக்கம் ஒன்றுதான்: விமானிகளுக்குக் கூடுதல் ஓய்வு தரும் புது விதி வந்தது, அதனால் ஆள் போதவில்லை, அதனால் விமானம் ஓடவில்லை. இந்த விளக்கத்தில் விமானியின் ஓய்வே குற்றவாளியாகிவிடுகிறது. அந்த விதி எப்படிப் பிறந்தது, அதற்காக யார் எத்தனை ஆண்டு போராடினார்கள், யார் தள்ளிப்போட்டார்கள் என்பதை அறிந்தால் இந்த விளக்கம் நிற்காது.

கிளிஞ்சல்மேடு போன்ற ஒரு மீனவ ஊரில் இதைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று யாராவது கேட்கலாம். காரைக்கால் மாவட்டத்தில் பயணிகள் விமான நிலையமே கிடையாது. ஆனால் வளைகுடா நாடுகளிலோ சிங்கப்பூரிலோ பிரான்சிலோ உறவினர் இல்லாத தெரு இந்த வட்டாரத்தில் அபூர்வம். அவர்களில் பெரும்பாலானவர்கள் திருவாரூர், தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்குப் போய், பெரும்பாலும் இரவிலோ விடியற்காலையிலோ விமானம் ஏறுகிறவர்கள். அந்தத் திருச்சியில்தான் 2018 அக்டோபர் 12 அன்று துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் நிலையத்தின் சுற்றுச்சுவரை இடித்துக்கொண்டு மேலேறியது. 136 பேருடன் பறந்து, பிறகு மும்பைக்குத் திருப்பப்பட்டு, பத்திரமாக இறங்கியது. அதே திருச்சியில்தான் 2024 அக்டோபர் 11 அன்று ஷார்ஜா விமானம் ஹைட்ராலிக் கோளாறால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானத்தில் வட்டமடித்தது. அன்று விமானிகளின் நிதானத்தை நாடே பாராட்டியது. அந்த நிதானம் தூக்கத்திலிருந்தும் பயிற்சியிலிருந்தும் மனஅமைதியிலிருந்தும் வருகிறது. இந்த மூன்றும் விமானிக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான பேரத்தில் சிக்கிக் கிடக்கின்றன.

முதலில் சம்பளம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். இந்திய விமானியின் வருமானத்தில் ஒரு பகுதி நிலையானது. இன்னொரு பகுதி பறந்த மணிக்கணக்குக்குத் தரப்படுவது. மாதம் இத்தனை மணி நேரத்துக்குப் பறந்தாலும் பறக்காவிட்டாலும் பணம் உண்டு என்று ஓர் உத்தரவாத அளவு இருக்கும்; அதற்கு மேல் பறந்தால் மணிக்கு இவ்வளவு என்று சேரும். இந்த உத்தரவாத அளவைக் குறைத்தால் என்ன ஆகும்? நோயில் படுத்தாலும், களைப்பாக இருக்கிறது என்று சொல்லி ஒரு டூட்டியை விட்டாலும் வருமானம் வெட்டப்படும். வீட்டுக்கடனும் பயிற்சிக்கு வாங்கிய கடனும் தலைமேல் இருக்கிற இளம் கோ-பைலட் களைப்பைச் சொல்லத் தயங்குவார். ஆகவே விமானியின் சம்பளப் பேச்சில் வரும் ஒவ்வோர் எண்ணும் பயணியின் பாதுகாப்பைத் தொடும் எண்தான்.

டாடா குழுமம் 2022 ஜனவரியில் ஏர் இந்தியாவைக் கையில் எடுத்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அது கொண்டுவந்த புதிய சம்பள அமைப்பு இந்த உத்தரவாத அளவை 70 மணியிலிருந்து 40 மணியாகக் குறைத்தது. இந்தியன் கமர்ஷியல் பைலட்ஸ் அசோசியேஷன், இந்தியன் பைலட்ஸ் கில்டு ஆகிய இரண்டு சங்கங்களும் அதை ஏற்க மறுத்தன. 1,500க்கும் மேற்பட்ட விமானிகள் கையெழுத்திட்டு ரத்தன் டாடாவுக்கே முறையிட்டார்கள். நிறுவன நிர்வாகத்தோடு உட்கார்ந்து பேசும் முறையான மேடை இல்லாதபோதுதான் தொழிலாளி பெரியவர் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். 2024 ஏப்ரலில் விஸ்தாராவிலும் இதே 40 மணிக் கணக்கு வந்தது. ஏர் இந்தியாவோடு இணைவதற்கு முன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். விமானிகள் கூட்டமாக மருத்துவ விடுப்பு எடுத்தார்கள். நாளொன்றுக்கு 25 முதல் 30 விமானங்களை நிறுவனம் குறைக்க வேண்டியதாயிற்று. செய்திகளில் இது சம்பளத் தகராறு என்றே வந்தது. ஓய்வுநேரம் பறிபோகிறது, ரோஸ்டர் (பணியட்டவணை) தாங்க முடியவில்லை என்ற குறை அதற்குள்ளேயே இருந்தது. அதைத் தனியாக எடுத்துப் பார்த்தவர்கள் குறைவு.

இந்தத் தகராறுகளின் கதை நீளமானது. 1992 டிசம்பரில் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அரசு பேசி முடிப்பதற்குப் பதிலாக உஸ்பெகிஸ்தானிலிருந்து விமானங்களையும் விமானிக் குழுக்களையும் வாடகைக்கு எடுத்தது. 1993 ஜனவரி 9 அன்று ஹைதராபாத்திலிருந்து வந்த அப்படிப்பட்ட டியூ-154 விமானம் ஒன்று டெல்லிப் பனிமூட்டத்தில் ஓடுபாதையை விட்டு விலகி இறங்கி, தலைகீழாகக் கவிழ்ந்து தீப்பிடித்தது. உள்ளே இருந்த எல்லோரும் உயிர் தப்பியது பெரும் அதிர்ஷ்டம். விமானப் போக்குவரத்து அமைச்சராக இருந்த மாதவராவ் சிந்தியா பதவி விலகினார். ஒரு சம்பளத் தகராறை உடைக்க எடுத்த குறுக்குவழி பயணியின் உயிரை எப்படிப் பணயம் வைத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான இந்திய உதாரணம் எனக்குத் தெரியாது. அமைச்சர் பொறுப்பேற்று விலகினார் என்பதையும் மறக்கக் கூடாது. பிறகு வந்த தகராறுகளில் அந்தப் பழக்கம் காணாமல் போயிற்று.

ஓய்வுநேர விதியின் கதையும் அதே காலத்தில் தொடங்குகிறது. 1992இல் வந்த ஒரு சுற்றறிக்கைதான் நீண்டகாலம் விமானிகளின் வேலைநேரத்தைத் தீர்மானித்தது. 2007 ஜூலையில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது எல்லோரும் டிஜிசிஏ என்று சொல்கிற அமைப்பு, கூடுதல் ஓய்வு தரும் புதிய விதியை வெளியிட்டது. விமான நிறுவனங்கள் எதிர்த்தன. 2008இல் அந்த விதி நிறுத்திவைக்கப்பட்டு, பழைய சுற்றறிக்கையே மறுபடி உயிர்பெற்றது. விமானிகள் சங்கங்களின் கூட்டு நடவடிக்கைக் குழு பம்பாய் உயர் நீதிமன்றம் போய், பிறகு உச்ச நீதிமன்றம் போனது. 2011இல் வழக்கு முடிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நசீம் ஜைதி குழுவின் பரிந்துரைகளை ஒட்டி வேறொரு விதி வந்தது. நாலு ஆண்டுகள் இப்படிப் போயின.

அந்த நாலு ஆண்டுக்கு நடுவில்தான் மங்களூரு விபத்து நடந்தது. 2010 மே 22 அன்று துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 812 மேட்டுநில ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் இறந்தார்கள், 8 பேர் பிழைத்தார்கள். ஏர் மார்ஷல் கோகலே தலைமையிலான விசாரணை, காக்பிட் ஒலிப்பதிவின் முதல் ஒரு மணி நாற்பது நிமிடமும் கேப்டன் தூங்கிக்கொண்டிருந்தார் என்று கண்டது. இறங்கும் நேரத்தில் கோ-பைலட் மறுபடி மேலேறச் சொல்லியும் கேப்டன் விடவில்லை. இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: அந்தக் கேப்டன் விடுமுறை முடித்துத் திரும்பியவர். ரோஸ்டர் அவரைச் சக்கையாகப் பிழிந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடைப்பட்ட நேரத்தில் மனித உடல் தன் அடிமட்டத்தில் இருக்கிறது. காகிதத்தில் எத்தனை மணி ஓய்வு இருந்தாலும், தூங்கி எழுந்த மூளை தெளிய நேரம் பிடிக்கும். இரவில் இறங்கும் எண்ணிக்கையை மட்டுப்படுத்த வேண்டும் என்ற சங்கங்களின் கோரிக்கைக்கு அறிவியல் அடிப்படை இதுதான்.

2020 ஆகஸ்ட் 7 கோழிக்கோடு விபத்து இன்னொரு பக்கத்தைக் காட்டியது. மழையில், பின்னிருந்து வீசிய காற்றில், ஓடுபாதையில் பாதி தூரம் தாண்டித் தரை தொட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் பள்ளத்தில் உடைந்தது. இரண்டு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தார்கள். விசாரணை அறிக்கை கேப்டன் நடைமுறையை மீறியதைக் காரணமாகக் காட்டியது. அதோடு நிற்கவில்லை. மறுநாள் காலை கோழிக்கோட்டிலிருந்து கிளம்ப வேண்டிய விமானத்துக்கும் அவரே தேவைப்பட்டார். அந்தத் தளத்தில் போதுமான கேப்டன்களை நிறுவனம் வைத்திருக்கவில்லை. வேறு ஊருக்குத் திருப்பிவிட்டால் மறுநாள் அட்டவணை குலையும் என்ற நினைப்பு அவர் மனதில் வேலை செய்தது என்று அறிக்கை எழுதியது. ஆள்சேர்ப்பில் மிச்சம்பிடித்த செலவு ஓடுபாதையில் வந்து நின்றது. எந்தத் தளத்தில் எத்தனை கேப்டன் என்பது நிர்வாகத்தின் உள்விவகாரம், சங்கம் அதில் தலையிடக் கூடாது என்று சொல்லும் மேலாளர்கள் இந்த அறிக்கையைப் படிக்க வேண்டும்.

சங்கங்கள் எப்போதும் பாதுகாப்புக்காகவே நின்றன என்றும் சொல்லிவிட முடியாது. 2009இல் ஜெட் ஏர்வேஸில் நேஷனல் ஏவியேட்டர்ஸ் கில்டு என்ற சங்கம் பிறந்த கையோடு, அதை அமைத்த இரண்டு விமானிகளை நிறுவனம் வேலைநீக்கம் செய்தது. நூற்றுக்கணக்கான விமானிகள் ஐந்து நாள் கூட்டாக மருத்துவ விடுப்பில் போனார்கள். அது சங்கம் வைக்கும் உரிமைக்கான சண்டை, நியாயமான சண்டை. 2011 ஏப்ரல் 27 முதல் மே 6 வரை ஏர் இந்தியாவில் நடந்த பத்துநாள் வேலைநிறுத்தம் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகளுக்கும் பழைய ஏர் இந்தியா விமானிகளுக்கும் சம ஊதியம் கேட்டது. 2007இல் இரண்டு நிறுவனங்களை இணைத்துவிட்டு, ஒரே காக்பிட் வேலைக்கு இரண்டு ஊதிய முறைகளை விட்டுவைத்தது அரசு. நிர்வாகம் சங்கத்தின் அங்கீகாரத்தை ரத்து செய்து அலுவலகத்துக்குச் சீல் வைத்தது. டெல்லி உயர் நீதிமன்றம் வேலைக்குத் திரும்பச் சொன்னது.

அடுத்த ஆண்டு நடந்ததோ என் மனதுக்கு ஒப்பவில்லை. 2012 மே மாதம் தொடங்கி ஜூலை 3 வரை 58 நாள் இந்தியன் பைலட்ஸ் கில்டு நடத்திய வேலைநிறுத்தத்தின் மையம், புதிதாக வரவிருந்த போயிங் 787 ட்ரீம்லைனருக்கான பயிற்சி பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகளுக்கும் போகக் கூடாது என்பதுதான். ஒரு சங்கம் இன்னொரு சங்கத்தின் உறுப்பினர்களுக்கு எதிராக நடத்திய போராட்டம் அது. 101 பேரை நிர்வாகம் வேலைநீக்கம் செய்தது. கோடைவிடுமுறைப் பயணிகள் அவதிப்பட்டார்கள். அதற்குப் பிறகு விமானிகள் எதைக் கேட்டாலும் மக்கள் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கினார்கள். சங்கங்கள் இன்றும் அந்தக் கடனைச் செலுத்திக்கொண்டிருக்கின்றன. ஒன்றுக்கு இரண்டு, இரண்டுக்கு நாலு என்று பிரிந்து கிடப்பதும், நாட்டின் மிகப்பெரிய விமான நிறுவனமான இண்டிகோவில் வலுவான விமானிகள் சங்கமே வளராமல் போனதும் அந்தக் காலத்தின் மிச்சங்கள்.

சம்பளமே வராத விமானிகளின் கதையும் உண்டு. கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸில் மாதக்கணக்கில் சம்பளம் நிலுவை. 2012 அக்டோபரில் விமானங்கள் நின்றன. ஜெட் ஏர்வேஸ் விமானிகள் 2019 தொடக்கத்தில், சம்பளம் இல்லையென்றால் பறக்கமாட்டோம் என்று தேதி குறித்தார்கள், தள்ளிவைத்தார்கள், மறுபடி குறித்தார்கள். ஏப்ரல் 17 அன்று நிறுவனமே நின்றுபோனது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதைக் கலைக்க உத்தரவிட்டது. வீட்டில் பள்ளிக்கட்டணம் கட்ட வழியில்லாமல் தவிக்கும் மனிதரிடம் 180 பேரின் உயிரை ஒப்படைத்துவிட்டு, இது அவருக்கும் நிறுவனத்துக்கும் உள்ள கணக்கு என்று ஒழுங்குமுறை அமைப்பு ஒதுங்கி நிற்பது சரியா? விமானத்தின் டயர் தேய்ந்தால் பறக்கவிடாத அமைப்பு, மூன்று மாதச் சம்பளம் தேங்கினால் கேள்வியாவது கேட்க வேண்டாமா?

வெளியேற நினைக்கும் விமானிக்கும் கதவு எளிதில் திறப்பதில்லை. 2017இல் டிஜிசிஏ கேப்டன்களுக்கு ஓராண்டும் கோ-பைலட்டுகளுக்கு ஆறு மாதமும் நோட்டீஸ் காலமாக விதித்தது. பயிற்சிச் செலவுக்கு ஈடாகப் பாண்ட் எழுதி வாங்குவது இதற்கு மேல். 2023இல் ஆகாசா நிறுவனத்தில் 43 விமானிகள் நோட்டீஸ் காலத்தை முடிக்காமல் விலகியபோது, நிறுவனம் அவர்கள்மீது வழக்குப் போட்டு, மூடவேண்டி வரலாம் என்று நீதிமன்றத்தில் சொன்னது. பயணிகளைத் திடீரென்று தவிக்கவிடக் கூடாது என்ற நிறுவனத்தின் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் வேலையை விடுவதற்கு ஓராண்டு கட்டுப்பாடு இருக்கும்போது, ரோஸ்டரை முதல்நாள் மாலை மாற்றுவதற்கு ஒரு கட்டுப்பாடும் இல்லாவிட்டால் தராசு ஒருபக்கமே சாயும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தின்படி விமானிகள் சங்கம் வைக்க முடிந்தது. விமானியும் தொழிலாளியே என்று டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம் விமானப் போக்குவரத்தைப் பொதுப் பயன்பாட்டுச் சேவை என்று வகைப்படுத்தியது. அதன்படி முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்காமல் வேலைநிறுத்தம் செய்ய முடியாது என்றிருந்தது. சமரசப் பேச்சு தொடங்கிவிட்டால் அது முடியும்வரையும் முடியாது என்றிருந்தது. இந்தக் கதவுகள் மூடியிருந்ததால்தான் கூட்டு மருத்துவ விடுப்பு என்ற பக்கவாசலை எல்லோரும் தேடினார்கள். 2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் கேபின் பணியாளர்கள் அதைத்தான் செய்தார்கள். நிறுவனம் 25 பேரை வேலைநீக்கம் செய்து, பிறகு மத்தியத் தலைமைத் தொழிலாளர் ஆணையர் முன்னிலையில் நடந்த பேச்சில் திரும்ப எடுத்துக்கொண்டது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் இந்தப் பக்கவாசலையும் குறுக்கிவிட்டது. ஒரே நாளில் பாதிப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தம்தான். எல்லாத் தொழிலுக்கும் 14 நாள் நோட்டீஸ் கட்டாயம். பயணியின் பக்கமிருந்து பார்த்தால் திடீர் வேலைநிறுத்தம் குறைவது நல்லது. ஆனால் தகராறைக் கேட்டுத் தீர்க்கும் மேடை இல்லாமல் வாயை மட்டும் அடைத்தால், குறை காக்பிட்டுக்குள் போய்த் தேங்கும்.

சிங்கப்பூரில் இதற்கு ஒரு கடுமையான முன்னுதாரணம் உண்டு. 1980இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானிகள் சங்கம் விதிப்படி மட்டும் வேலை என்ற போராட்டம் நடத்தியபோது பிரதமர் லீ குவான் யூவே தலைவர்களை அழைத்துப் பேசினார். சங்கத்தின் செயற்குழுவினர் 15 பேர்மீது வழக்கு, சங்கத்தின் பதிவு ரத்து, 1981இல் வேறொரு சங்கம். அங்கே அரசு நாட்டின் பெயரைக் காப்பாற்றியது. ஆனால் இந்தியாவிலும் அதைப் பின்பற்றலாம் என்று சொல்கிறவர்கள், சிங்கப்பூரின் ஒழுங்குமுறை அமைப்பு எவ்வளவு கறாரானது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தக் கறார்த்தனம் இங்கே இல்லாதபோது, சங்கத்தை மட்டும் சிங்கப்பூர் பாணியில் அடக்குவது அரைகுறைப் பாடம்.

அமெரிக்காவின் அனுபவம் நமக்கு இன்னும் பயன்படும். 2009 பிப்ரவரி 12 அன்று நியூயார்க் மாநிலத்தில் பஃபலோ நகருக்கு அருகே ஒரு சிறிய கோல்கன் ஏர் விமானம் வீட்டின் மேல் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன் கோ-பைலட் 24 வயதுப் பெண். ஆண்டுச் சம்பளம் ஏறத்தாழ 16,000 டாலர். அந்தச் சம்பளத்தில் வேலைத்தளத்துக்கு அருகே குடியிருக்க வழியின்றி, நாட்டின் எதிர்க்கோடியான சியாட்டிலிலிருந்து இரவெல்லாம் விமானம் மாறி வந்து வேலையில் ஏறியவர். சம்பளமும் களைப்பும் ஒன்றே என்பதை அங்கே நாடாளுமன்றமே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. 2010இல் சட்டம் வந்தது. 2014 ஜனவரி முதல் புதிய ஓய்வுநேர விதி நடைமுறைக்கு வந்தது. 1931இல் தொடங்கிய ஏர்லைன் பைலட்ஸ் அசோசியேஷன் பல ஆண்டு கேட்டும் கிடைக்காதது ஏன் அப்போது கிடைத்தது? இறந்தவர்களின் குடும்பங்கள் ஓயாமல் நாடாளுமன்ற வாசலில் நின்றதால். பயணிகளின் பக்கமிருந்து குரல் எழும்பியதும் சங்கத்தின் கோரிக்கை கூலிக் கோரிக்கையாகத் தெரியவில்லை.

இந்தியாவில் அந்தக் குரல் எழவில்லை. 2023 ஆகஸ்டில் நாக்பூரில் ஒரு இண்டிகோ கேப்டன் விமானத்தில் ஏறுவதற்கு முன் போர்டிங் கேட்டிலேயே சுருண்டு விழுந்து இறந்தார். அவர் போதிய ஓய்வுக்குப் பிறகே வந்தார் என்றது நிறுவனம். மரணத்துக்குக் களைப்புதான் காரணம் என்று நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் விமானிகளிடையே நெடுநாள் புகைந்துகொண்டிருந்த அச்சம் அந்த மரணத்தால் வெளியே வந்தது. 2024 ஜனவரி 8 அன்று டிஜிசிஏ புதிய விதியை அறிவித்தது. வாராந்திர ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி. இரவு என்பது நள்ளிரவு முதல் காலை 5 வரை என்றிருந்தது 6 வரை நீண்டது. ஓர் இரவு டூட்டியில் ஆறு முறைவரை இறங்கலாம் என்றிருந்தது இரண்டாகக் குறைந்தது. களைப்பு குறித்த புகார்களை நிறுவனங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தரவேண்டும். ஜூன் 1 முதல் அமல் என்றது அறிவிப்பு. நிறுவனங்கள் போய்ப் பேசின. மார்ச்சிலேயே அது தள்ளிப்போனது. 2008 மறுபடி நடந்தது.

இம்முறை சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்தில் விடாமல் நின்றன. 22 பிரிவுகளில் 15 பிரிவுகள் 2025 ஜூலை 1 முதலும், மீதி நவம்பர் 1 முதலும் என்று நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டது. இரவு இறக்கத்துக்கான வரம்பு இரண்டாம் கட்டத்தில் வந்தது. அறிவிப்புக்கும் அமலுக்கும் இடையே ஏறத்தாழ 22 மாதங்கள். அதற்குள் ஆள் சேர்க்கலாம், பயிற்சி தரலாம், அட்டவணையைச் சுருக்கலாம். இண்டிகோ ஆள்சேர்ப்பை நிறுத்திவைத்ததும் சம்பளத்தை உறையவைத்ததும்தான் நெருக்கடிக்குக் காரணம் என்று ஃபெடரேஷன் ஆஃப் இந்தியன் பைலட்ஸ் வெளிப்படையாகக் குற்றம்சாட்டியது. டிசம்பரில் பயணிகள் தவித்தபோது அரசு என்ன செய்தது? டிசம்பர் 5 அன்று வாராந்திர ஓய்வுக்குப் பதிலாக விடுப்பைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்ற பிரிவைத் திரும்பப் பெற்றது. இண்டிகோவுக்கு மட்டும் இரவு டூட்டி விதிகளிலிருந்து 2026 பிப்ரவரி 10 வரை விலக்குக் கொடுத்தது. ஏர்லைன் பைலட்ஸ் அசோசியேஷன் ஆஃப் இந்தியா உடனே எதிர்ப்புத் தெரிவித்தது. பிறகு 2026 ஜனவரியில் நிறுவனத்துக்கு 22.20 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அபராதம் சரியான தண்டனையா என்பதைவிட, தயாராக இல்லாத நிறுவனத்துக்கு விலக்கும் தயாராக இருந்த நிறுவனங்களுக்குக் கூடுதல் செலவும் கிடைத்த அந்த முன்னுதாரணம் எனக்கு அதிக கவலை தருகிறது.

இதே காலத்தில் கடற்கரையில் நடந்ததை வைத்துப் பார்க்கலாம். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் இலங்கையைப் புரட்டிவிட்டு நம் கரையை நெருங்கியபோது மீன்வளத் துறை கடலுக்குப் போகக் கூடாது என்றது. விசைப்படகில் போகிறவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்து, மீன் விற்ற பணத்தில் பங்குதான். போகாத நாளில் கையில் ஒன்றும் வராது. தனியாக முடிவெடுக்க விட்டால், பிள்ளையின் பசியைப் பார்த்து யாராவது ஒருவர் கயிற்றை அவிழ்ப்பார்; அவர் போனால் பக்கத்துப் படகும் போகும். எல்லோருக்கும் ஒன்றாகத் தடை என்பதால்தான் ஊர் கட்டுப்படுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலமும் அப்படியே. எந்தப் படகு உரிமையாளருக்கும் என் படகுக்கு மட்டும் விலக்கு என்று கேட்க முடியாது. விமானிகளின் ஓய்வு விதிக்கும் தேவைப்படுவது இந்தக் கறார்தான்.

2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா 171 விழுந்து 260 பேர் இறந்த பின் இந்தப் பேச்சு இன்னும் கனமாகிவிட்டது. ஜூன் 16 அன்று மட்டும் 112 ஏர் இந்தியா விமானிகள் உடல்நலமில்லை என்று விடுப்பெடுத்ததாக அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. ஜூன் 20 அன்று ரோஸ்டர் மீறல்களுக்காக மூன்று அதிகாரிகளைப் பணியட்டவணைப் பொறுப்பிலிருந்து நீக்கும்படி டிஜிசிஏ உத்தரவிட்டது. முதற்கட்ட அறிக்கை வந்ததும் பழி விமானிகள் மேல் சாய்ந்தபோது, விசாரணை முடியும்முன் யாரையும் குற்றவாளியாக்காதீர்கள் என்று சங்கங்கள் கேட்டன. இறந்துபோன கேப்டனின் முதிய தந்தை உச்ச நீதிமன்றம் போனார். அந்தப் பாரத்தை நீங்கள் சுமக்க வேண்டாம் என்று நீதிபதிகள் அவருக்கு ஆறுதல் சொன்னார்கள். சங்கம் இருப்பதால் இறந்த விமானிக்கும் ஒரு குரல் மிஞ்சியது.

இந்தக் கேள்வியை மொத்தமாகப் பார்த்த பிறகு எனக்கு எட்டும் தீர்ப்பு இது. சம்பளத்தைப் பேரம் பேசலாம். ஓய்வை ஒருபோதும் பேரத்துக்கு வைக்கக் கூடாது. ஓய்வுநேர விதியிலிருந்து தனி நிறுவனத்துக்கு விலக்குத் தரும் அதிகாரத்தை டிஜிசிஏவிடமிருந்து எடுத்து, விமானிகளும் பயணிகளும் இடம்பெறும் ஒரு பொது விசாரணைக்குப் பிறகே விலக்கு என்று நாடாளுமன்றம் சட்டமாக்க வேண்டும். உத்தரவாத மணி நேரத்தைக் குறைக்கும் எந்தச் சம்பள ஒப்பந்தமும் பாதுகாப்பு ஆய்வுக்கு உட்பட வேண்டும். களைப்பைச் சொல்லி டூட்டியை விட்டவருக்கு வருமான வெட்டு இருக்கக் கூடாது. சங்கங்களும் தங்களுக்குள் இருக்கும் பிரிவினையை விட்டு, ட்ரீம்லைனர் யாருக்கு என்ற பழைய சண்டைகளை மறந்து, இரவில் இறங்கும் விமானத்தில் அமர்ந்திருக்கும் பயணிக்காகவும் பேசுகிறோம் என்று காட்ட வேண்டும்.

திருச்சியிலிருந்து ஆண்டுதோறும் நம் பிள்ளைகள் வளைகுடாவுக்குப் போகிறார்கள், வருகிறார்கள். காரைக்கால், நாகப்பட்டினம், திருவாரூர் மாவட்டங்களின் வெளிநாடுவாழ் குடும்பங்களும் ஊர்ச் சங்கங்களும் அடுத்த முறை ஓய்வுநேர விதி தள்ளிப்போடப்படும்போது டிஜிசிஏவுக்கும் தங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் எழுத்துமூலம் எதிர்ப்புத் தெரிவிக்க வேண்டும். விமானிகள் சங்கங்கள் இதுவரை நீதிமன்றத்தில் தனியாகவே நின்றிருக்கின்றன.